போனுக்குள்ளேயே இருந்த நகல்

அன்புள்ள அப்பாவுக்கு மகள் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை வேளாவேளைக்குத் தருகிறாளா?

ஒரு சின்ன விஷயம், பதறாதீர்கள். ஓட்டல் சலவை அறையில் போர்வைகளோடு என் போனையும் மெஷினில் போட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் சுற்றி, பளபளவென்று செத்துப்போய் வந்தது. படங்களையெல்லாம் முன்பே மெமரி கார்டில் நகல் எடுத்திருந்தேன். ஆனால் அந்தக் கார்டும் போனுக்குள்ளேயேதான் இருந்தது!

ரிப்பேர்க்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, மாத்துச் சாவிய யாராவது வீட்டுக்குள்ளயே வச்சுப் பூட்டுவாங்களா?" பாதிப் படங்களைத்தான் அவரால் மீட்க முடிந்தது.

பழைய நம்பரிலேயே வேறு போன் வாங்கிவிட்டேன். இனி ஏமாற மாட்டேன். ஞாயிறுதோறும் நகல் எடுத்துவிட்டுத்தான் மறுவேலை. ஒன்று இணையத்தில் ஏறும், ஒன்று என் பெட்டியிலுள்ள பென் டிரைவில். இன்னொரு பென் டிரைவ் இந்தக் கடிதத்தோடு வருகிறது. பீரோவில் வைத்துப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் தம்பி அதில் பாட்டு ஏற்றிவிடுவான்.

ஒரு உதவி அப்பா. நான் நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று திட்டி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினீர்களே, அதுவும் போய்விட்டது. திட்டிவிட்டோமே என்று மனசு கேட்காமல் நீங்களும் உங்கள் போனில் அழித்துவிட்டீர்களாம், அம்மா சொன்னாள். தட்டோடு உட்காரும்போதெல்லாம் அதைத்தான் போட்டுக் கேட்பேன்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. இன்னொரு தடவை திட்டி அனுப்புங்கள். பாவம் பார்த்துப் பாதியில் நிறுத்தாதீர்கள். இந்த முறை மூன்று இடத்தில் வைத்துக்கொள்வேன்.

உங்கள் மகள்