டேப்பின் அடியில் ஏழு சென்டிமீட்டர்

நைட் ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்த ஜெயகணேஷுக்காக, சாப்பாட்டு மேஜையில் அளவு டேப்பும் அதன் அடியில் ஒரு சீட்டும் காத்திருந்தன. மனைவி தேவயானி முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தாள். சமையலறை அலமாரிப் பலகை குட்டையாகப் போனதற்கு, "நீ டேப் முனையைச் சரியா புடிக்கல" என்று நேற்று ஆசாரி பன்னீர்செல்வத்தின் எதிரிலேயே அவளைத் திட்டியிருந்தான்.

"மாபெரும் இன்ஜினியர் அவர்களுக்கு,

டேப்பைத் திருப்பிப் பாருங்க. டேப் சுருண்டிருக்கற பெட்டிக்கு அடியில 7 செ.மீ.னு போட்டிருக்கு. அது அழகுக்குப் போட்டது இல்ல, பெட்டியோட நீளம். ரெண்டு சுவருக்கு நடுவுல பெட்டியை முட்டவெச்சு அளந்தா, பெட்டி வாய்ல தெரியற நம்பரோட அதையும் கூட்டணும். பலகையில குறையறதும் அதே ஏழுதான். என் கை என்ன பாவம் பண்ணுச்சு?

முனைக் கொக்கி ஆடுதுன்னு அடிச்சு இறுக்க சுத்தியலைத் தேடாதீங்க. முட்டி அளந்தாலும் மாட்டி அளந்தாலும் கொக்கியோட தடிமன் கணக்கைக் கெடுக்கக் கூடாதுன்னுதான் அதை ஆடவிட்டிருக்காங்க.

ஆசாரி புதுப் பலகைக்கு அளவெடுக்க வருவார். தூங்கிடாதீங்க.

பி.கு. சாம்பாரைச் சூடு பண்ணிக்குங்க. கோபம் இருக்கு, பட்டினி போடற அளவுக்கு இல்ல."

ஜெயகணேஷ் டேப்பைத் திருப்பினான். ஏழு இருந்தது.

சாப்பிட்டு முடிப்பதற்குள் ஆசாரி வந்துவிட்டார். "என்னா சார், அம்மா இல்லீங்களா? நல்லதாப் போச்சு, முனையை நானே புடிக்கிறேன்" என்று சிரித்தார்.

ஜெயகணேஷ் சிரிக்கவில்லை.

"அவங்க நல்லாத்தாங்க புடிச்சாங்க. படிக்கத் தெரியாதவன் நான்தான்" என்றான்.