உன் மகளை மறுத்த முகாம்

மே மாதம் பிறந்துவிட்டால் நம் அமெரிக்க ஊரான காப்பெலில் கடைகளுக்குள் நுழைந்ததுமே, முகாமுக்குப் போகும் பிள்ளைகளுக்கு வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீன் வாசனை அடிக்கிறது. நேற்று யாரோ ஒரு குழந்தை அந்த ட்யூபைத் திறந்து கையெல்லாம் பூசிக்கொண்டு நின்றது. தேங்காயும் மருந்தும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் தள்ளுவண்டியை அப்படியே நிறுத்திவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. நீ இல்லாமல் வரும் இரண்டாவது கோடை இது. இந்த வசந்தத்தில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு ஆறாது.

முகாம் தேடுவது தோழிகள் நம் இருவருக்கும் ஒரு தனி வேலையாகவே இருந்தது, ஞாபகமிருக்கிறதா? பள்ளி மூடினால் பிள்ளைகளை வீட்டில் தனியே விட முடியாது. இருவருக்கும் அலுவலகம். ஊரிலிருந்து பெற்றோரை ஒவ்வொரு வருடமும் வரச் சொல்லவும் முடியாது. காலையில் விட்டு மாலையில் கூட்டிவரும் கோடை முகாம்தான் ஒரே வழி. நம் வாட்ஸப் குழுவில் பொங்கல் முடிந்ததுமே ஆரம்பித்துவிடுவார்கள். எந்த முகாமில் கோடிங், எதில் ரோபோ, எதில் போனால் பின்னால் கல்லூரிக்கு உதவும் என்று. அதையெல்லாம் நீ படிக்கவே மாட்டாய். சனிக்கிழமை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்ப்பாய். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, மைதானத்தில் நிழல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அங்கே வேலை பார்க்கும் கல்லூரிப் பிள்ளைகளிடம் போய்ப் பேச்சுக் கொடுப்பாய். "இவங்கதான்டி நாள் முழுக்க நம்ம புள்ளைங்களோட இருக்கப் போறாங்க. சிரிச்சுப் பேசுற டைரக்டர் ஏசி ரூம்ல இருப்பாரு" என்பாய்.

உன் மகள் இனியாவுக்கு எட்டு வயதில் டைப் ஒன் சர்க்கரை நோய் வந்தது. உடம்பு இன்சுலினே சுரக்காது என்று டாக்டர் சொன்னபோது உன் வீட்டுக்காரர் செந்தில் அண்ணா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நீ அந்த வாரமே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாய். இடுப்பில் இன்சுலின் பம்ப், கையில் ஒட்டிய சென்சார், சர்க்கரை இறங்கினால் உடனே ஜூஸ். அதைவிடப் பெரிய விஷயம், அவளுக்கும் கற்றுக்கொடுத்தாய். சாப்பிட உட்காரும்போது தட்டைப் பார்த்து எவ்வளவு இன்சுலின் வேண்டும் என்று மனக்கணக்குப் போடும் குழந்தையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தக் கோடையில்தான் அவள் ஏரிக்கரை முகாமைக் கேட்டாள். அங்கே குதிரைகள் இருந்தன. முதல் போன் பேச்சிலேயே நீ அவர்களிடம் நோயைப் பற்றிச் சொல்லிவிட்டாய். சேர்த்துக்கொண்டார்கள். முகாமின் பச்சை டீ-ஷர்ட் தபாலில் வந்ததும் அதைப் போட்டுக்கொண்டேதான் இனியா தூங்கினாள். தொடங்குவதற்குச் சில நாட்களே இருந்தபோது, நேரில் வந்து பேசுங்கள் என்று அழைப்பு வந்தது. துணைக்கு என்னைக் கூப்பிட்டாய்.

அந்த முகாம் டைரக்டரின் முகம் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வெள்ளைச் சட்டை, வெயிலில் சிவந்த கழுத்து, கலையாத சிரிப்பு. உங்கள் மகளின் பாதுகாப்புதான் எங்களுக்கு முக்கியம் என்று தொடங்கினார். எங்கள் ஊழியர்கள் நர்ஸ்கள் இல்லை என்றார். சர்க்கரை அளவை அவளே பார்த்துக்கொள்வாள், பக்கத்தில் ஒரு பெரியவர் கவனித்தால் போதும், நான் விடுப்பு எடுத்து வந்து சொல்லித் தருகிறேன் என்று நீ விளக்கினாய், மன்றாடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எங்கள் முகாம் அவளுக்குப் பொருத்தமானது இல்லை என்று முடித்துவிட்டார். பொருத்தம் என்ற சொல்லை அவ்வளவு மெதுவாக, ஏதோ உபகாரம் செய்வதுபோல் சொன்னார். நீ எழுந்து நின்று, குரலை உயர்த்தாமல், என் மகள் ஆபத்து இல்லை, அவள் ஒரு குழந்தை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வந்தாய்.

காரில் உட்கார்ந்ததும் சாவியைப் போடாமல் என்னைப் பார்த்தாய். "அந்த டீ-ஷர்ட்ட எப்படிடி அவகிட்டேருந்து திருப்பி வாங்குவேன்?" என்றாய்.

வெள்ளைக்காரர் செய்தது அது என்றால், நம் ஆட்கள் செய்தது அதற்குக் குறைவில்லை. அடுத்த வாரம் நடந்த விருந்தில் ஒரு அங்கிள், ஏன் முதலிலேயே சொன்னீர்கள், சொல்லாமல் சேர்த்திருக்கலாமே என்று உனக்கு யோசனை சொன்னார். இன்னொரு ஆன்ட்டி உன்னைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், பெண் குழந்தை, வெளியே தெரிந்தால் பின்னாடி கல்யாணத்துக்குக் கஷ்டம் என்று காதோடு சொன்னார். எட்டு வயது! குதிரையைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்ட பிள்ளையின் கல்யாணத்தைப் பற்றிப் பிரியாணித் தட்டோடு கவலைப்பட்டார்கள். நீ தட்டைக் கீழே வைத்தாய். "என் பொண்ணு எந்தத் தப்பும் பண்ணல ஆன்ட்டி, ஒளிச்சு வைக்க" என்றாய். கூடத்திலிருந்தவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னாய்.

இப்படி ஒரு குழந்தையைத் தள்ளிவைக்க இந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லை என்று தெரிந்துகொண்டு முகாமுக்கு எழுதினாய். கோடை பாதி கரைந்த பிறகு பதில் வந்தது. சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் தாயோ தகப்பனோ நாள் முழுவதும் கூடவே இருக்க வேண்டும் என்று. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளையை முகாமுக்கு அனுப்புவதே எதற்கு? அதற்குள் நீ நகராட்சிப் பொழுதுபோக்கு மையத்தின் முகாமைப் பிடித்துவிட்டாய். குதிரை கிடையாது, ஏரி கிடையாது. ஷூ நாற்றம் வீசும் பழைய உள்ளரங்கம். ஆனால் அதை நடத்திய பெண்மணி, திங்கள் காலை என் ஆட்கள் எல்லோரையும் உட்கார வைக்கிறேன், வந்து சொல்லிக்கொடுங்கள் என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. இனியா அங்கேயே வளர்ந்தாள்.

பிறகு உனக்குப் புற்றுநோய் வந்தது. மார்பில் வந்து, போய், எலும்பில் திரும்பி வந்தது. அதைப் பற்றி எழுதினால் இந்த மடல் வேறு எங்கோ போய்விடும். கடைசி நாட்களில்கூட, இனியா வளர்கிறாள், பதின்வயதுப் பிள்ளைகளுக்கு என்ன முகாம் இருக்கிறது என்று பார்த்துவை என்றாய்.

பார்த்தேன். மார்ச்சில் பள்ளியின் உள்ளரங்கத்தில் பிள்ளைகளைச் சேர்க்க முகாம்காரர்கள் எல்லோரும் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். செந்தில் அண்ணாவும் இனியாவும் என்னோடு வந்தார்கள். கார் நிறுத்துமிடத்தில் அண்ணா தயங்கித் தயங்கிச் சொன்னார். "இந்த வருஷம் சுகர் பத்தி யார்கிட்டயும் சொல்லாமயே சேர்த்துடலாம்னு இருக்கேன்மா. இன்னொருத்தன் முடியாதுன்னு சொன்னா அவ தாங்க மாட்டா. நானும்தான்."

எனக்குச் சுருக்கென்றது. ஒளித்து வைக்கச் சொன்னதற்கு விருந்தில் நீ தட்டைக் கீழே வைத்தாயே, அதே யோசனையை உன் வீட்டுக்காரர் வாயிலிருந்தே கேட்கிறேன். ஆனால் மெலிந்துபோன அந்த மனிதரிடம் எப்படிக் கத்துவது? அவள் மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா அண்ணா என்று மட்டும் கேட்டேன். இரண்டடி முன்னால் நடந்த இனியா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே அந்த ஏரிக்கரை முகாமும் இருந்தது. அதே டைரக்டர், அதே சிரிப்பு. அவர் தலைக்கு மேல், எல்லாக் குழந்தைகளுக்கும் இங்கே இடமுண்டு என்று பெரிய பேனர். சக்கர நாற்காலியில் ஒரு குழந்தை குதிரையைத் தடவுவதுபோல் படம். நான் தாண்டிப் போகத்தான் நினைத்தேன். இனியா நின்றுவிட்டாள். டைரக்டர் அவளிடம் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டி, பதின்வயதினருக்குத் தனியாகக் குதிரைப் பயிற்சி இருக்கிறது என்றார். அவள் கையில் ஒட்டியிருந்த சென்சாரைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்கு டைப் ஒன் டயபடீஸ், குதிரைமேல் இருக்கும்போது சர்க்கரை இறங்கினால் உங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்?

ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியாகத்தான் பார்ப்போம், ஆபீசுக்கு மெயில் அனுப்புங்கள் என்றார் அவர். சிரிப்பு அப்படியே இருந்தது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சில வருடங்களுக்கு முன்னால் உங்கள் டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டே தூங்கிய ஒரு சிறுமியைக் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றீர்களே, ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன். மன்னிக்க வேண்டும், நிறையக் குழந்தைகள் வருகிறார்கள், நினைவில்லை என்றார்.

நினைவில்லை! நீ எத்தனை நாள் தூங்காமல் கிடந்தாய். அந்தச் சட்டையை இனியாவே மடித்துக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்ததைச் சொல்லும்போது உன் குரல் எப்படி உடைந்தது. அந்த மனிதருக்கு அது ஒரு சாதாரண புதன்கிழமையோ வியாழக்கிழமையோ.

"தட் வாஸ் மீ" என்றாள் இனியா. பாட்டிலை மேஜைமேல் திருப்பி வைத்தாள்.

அப்போதுதான் அண்ணா முன்னால் வந்தார். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவர். என் மனைவி உங்கள் ஆபீசில் உட்கார்ந்து விளக்கினாள், இப்போது அவள் இல்லை, மேலே இப்படி எழுதி வைத்திருக்கிறீர்கள், என் மகளுக்கு இங்கேயே பதில் சொல்லுங்கள் என்று சத்தமாகவே கேட்டார். வரிசையில் நின்றவர்கள் பேச்சை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். டைரக்டர் மேஜைமேல் இருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார். எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா தன் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையை விட்டு விலகினார்.

அந்த முகாம் இன்னும் நடக்கிறது. பேனரும் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். அண்ணாவும் நானும் புகார் கொடுத்திருக்கிறோம், இன்னும் ஒன்றும் தெரியவில்லை. நல்ல முடிவாக ஏதாவது எழுத வேண்டும் என்றால், இனியா நகராட்சி முகாமிலேயே சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். அவளே தேர்ந்தெடுத்தாள். அண்ணா அங்கே போய் ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தார்.

நடந்ததைக் கேள்விப்பட்டவர்கள், போனவளை அமைதியாக நினைத்துக்கொள், கோபம் எதற்கு என்று எனக்குப் புத்தி சொல்கிறார்கள். போன வாரம் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் போன் செய்தாள். அவள் மகளுக்கு எப்போதாவது வலிப்பு வருமாம். முகாமில் சொல்லலாமா வேண்டாமா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள், பக்கத்தில் யாரோ இருப்பதுபோல. வெள்ளிக்கிழமை மதியம் அலுவலகத்தில் சொல்லிவிட்டு, அவள் பார்த்து வைத்திருந்த முகாமுக்கு அவளோடு நானே போனேன். வாசலில் அவள் தயங்கி நின்றபோது, "முதல்லயே சொல்லிடுங்க, தலைய நிமிர்த்திச் சொல்லுங்க. முடியாதுன்னா வேற எடம் பாப்போம், நானும் வரேன்" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. உன்னிடமிருந்து வந்த கோபம் அது. அது எனக்குள் தணியவே வேண்டாம்.