காபிக்கு முன் சொன்ன பதில்

ஹரீர் பள்ளம்
மார்ச் 9

என் கண்ணான தங்கை ஸுவைனாவுக்கு அண்ணன் பகீத் எழுதுவது.

சேதி நல்லது. குறை ஒன்றும் இல்லை. சேதி நல்லது.

ஆயிற்றா? நீ பேரீச்சம்பழம் தின்று, காபி குடித்து, போதும் என்று கோப்பையை ஆட்டிக் கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்கிறேன். வழியில் போகிற அந்நியனுக்கு முதல் வரி போதும். உடன்பிறந்தவளுக்குக் காபிக்குப் பிறகுதானே உண்மையான சேதி.

எண்ணெய் முகாமை மூடிவிட்டார்கள். தொலைபேசிக் கோபுரமும் அவர்களுடையதுதானாம், அதையும் அணைத்துவிட்டுப் போனார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். மீன் லாரி சுஹைல் வாரம் ஒருமுறை மஸ்கட்டுக்கு வருகிறானே, அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தில் மீன் வாடை அடித்தால் அவனைத் திட்டு, என்னைத் திட்டாதே.

இத்தனை வருஷம் தண்ணீர் லாரி ஓட்டியதற்கு எனக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். "இனிமே எந்த வேலைக்கு நேரத்துக்குப் போகணும்னு இத குடுத்தாங்களாம்?" என்று உன் அண்ணி நுவைர் கேட்கிறாள். கடைசி நாள் முகாம் மேனேஜர் என் தோளில் கை போட்டு, "பகீத், பத்து பீப்பா எடுத்தா ஒம்போது தண்ணியாதான் வருது. எண்ணெய் முடிஞ்சுபோச்சுப்பா" என்றார். "எங்களுக்குத் தண்ணிதானே வேணும், அத விட்டுட்டுப் போங்க" என்றேன். சிரித்துவிட்டார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. ஒட்டகங்களுக்கென்று நல்ல தண்ணீர் விட்ட குழாய் மட்டும் இன்னும் ஓடுகிறது. அதுவும் எத்தனை நாளைக்கோ.

இன்னொரு விஷயம். போன வாரம் ஒரு வெள்ளைக் காரில் மூன்று பேர் வந்தார்கள். உன் கம்பெனி ஆட்கள் மாதிரி இருந்தது. உள்ளே வந்து உட்காருங்கள் என்றால் காருக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்கள். "இங்க காத்தாடியும் சோலார் தகடும் வைக்கப்போறோம். உங்களுக்கு ஏதாவது குறை, ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டார்கள். வீடு தேடி வந்தவனிடம், ஒரு வாய் காபிகூடக் கொடுக்காமல், வாசலிலேயே குறை சொல்ல நான் என்ன வளர்ப்பு சரியில்லாதவனா? "சேதி நல்லதுதான். குறை ஒண்ணுமில்ல" என்றேன். நுவைர் ஏலக்காயை இடித்துக் காபியை எடுத்து வருவதற்குள் கார்க் கதவைச் சாத்திவிட்டார்கள். நான் தட்டோடு கார் பின்னாலேயே ஓடினேன், போ! செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

மறுபடி வருவார்கள் என்று நினைக்கிறேன். வந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். சமவெளியில் எங்கே வேண்டுமானாலும் நட்டுக்கொள்ளட்டும், வெயிலுக்கா பஞ்சம்? இந்தப் பள்ளத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். மூடுபனிக் காலத்தில் கடற்காற்று இங்கேதான் பனியைக் கொண்டுவந்து வேல மரங்களின் மேல் இறக்குகிறது. ஒட்டகம் இலையை நக்கியே தாகம் தீர்த்துக்கொள்ளும். குழாயும் நின்றுவிட்டால் எங்களுக்கு வேறு கதி இல்லை. இதை அங்கே யாரிடமாவது சொல்லி வை.

உன் வெள்ளை ஒட்டகம் கம்ரா கிழவியாகிவிட்டாள். பல் போய்விட்டது, திமிர் மட்டும் போகவில்லை.

உன் அண்ணன்,
பகீத்


மஸ்கட்
மார்ச் 21

அன்பு அண்ணனுக்கு,

கோப்பையை ஆட்டிவிட்டேன். உன் கடிதத்தில் மீன் வாடை அடித்தது. அதோடு கொஞ்சம் வீட்டு வாடையும் அடித்தது. அதனால் சுஹைலை மன்னித்துவிட்டேன்.

நீ காபித் தட்டோடு ஓடிய கதையைப் படித்து அலுவலகத்திலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரி என்ன என்று கேட்டாள். சொன்னேன். நகரத்துப் பெண், அவளுக்குப் புரியவில்லை. அதற்கப்புறம் எனக்கும் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்தக் காரில் வந்தவர்கள் எங்கள் கம்பெனி ஆட்கள்தான், அண்ணா. காற்றையும் வெயிலையும் வைத்துத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரித்து, கப்பலில் ஏற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பப்போகிறோம். எண்ணெய் போன பிறகு இந்த நாடு எதை விற்றுச் சாப்பிடும் என்று கேட்டால், என்னிடம் இருக்கும் பதில் இது ஒன்றுதான். நான் இதை நம்புகிறேன். நீயும் நம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நேற்று திரையில் வரைபடம் காட்டினார்கள். நம்முடைய பள்ளத்தின் மேல் பச்சை நிறம். கீழே 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதியிருந்தது. மே கடைசியில் இறுதிக் கூட்டம். அதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நீ கவலைப்படாதே. அது எங்கள் ஊரில் வணக்கம் சொல்வதைப் போன்றது, கேட்ட கேள்விக்குப் பதில் அல்ல என்று சொன்னால் போதும். ஒரு வரி விஷயம்.

கம்ராவுக்கு என் முத்தம். கடித்தால் பரவாயில்லை, இப்போதுதான் பல் இல்லையே.

உன்,
ஸுவைனா


ஹரீர் பள்ளம்
ஏப்ரல் 30

அன்புத் தங்கைக்கு,

சேதி நல்லது. குறை ஒன்றும் இல்லை. காபியைச் சீக்கிரம் குடி, நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

குழாய் நின்றுவிட்டது. காலையில் ஒட்டகங்கள் வழக்கம்போல் போய் வரிசையில் நின்றன. வெயில் ஏறும்வரை நின்றுவிட்டு, நான்தான் ஏதோ தப்புச் செய்த மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தன. சுஹைல் வரும்போதெல்லாம் பீப்பாயில் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவருகிறான். அதை வைத்து ஓட்டுகிறோம். பனி இறங்கிவிட்டால் பிழைத்துக்கொள்வோம்.

ஆனால் பள்ளத்தின் ஓரத்தில் வேலிக்குக் கம்பம் நட ஆரம்பித்துவிட்டார்கள். மேற்பார்வை பார்ப்பவனிடம் போனேன். அவன் ஒரு கணினிப் பலகையை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"நீங்கதான சரின்னு சொன்னீங்க? பாருங்க, உங்க பேரு."

"நான் எப்போ சொன்னேன்? அது வாசல்ல சொன்னதுய்யா. நீங்க காபியே குடிக்கலையே!"

"காபிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

முதலில் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஸுவைனா, நம் அப்பா செத்த அன்றைக்கு மாமா வந்து வாசலில் நின்று சேதி கேட்டபோது, உள்ளே அப்பாவின் உடலை வைத்துக்கொண்டு, "சேதி நல்லதுதான்" என்றுதானே நான் சொன்னேன்? காபி கொடுத்த பிறகுதானே அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்? அந்த மேற்பார்வைக்காரன் அன்றைக்கு வந்திருந்தால், இந்த வீட்டில் யாரும் சாகவில்லை என்று எழுதிக்கொண்டு போயிருப்பான்.

எங்கெங்கோ போய்ப் பார்த்துவிட்டேன். குறித்துக்கொண்டு போன கம்பெனியே திருத்தினால்தான் உண்டு என்கிறார்கள். அந்தக் கம்பெனியில் நம் ஆள் என்று இருப்பது நீ ஒருத்திதான். கூட்டத்தில் எழுந்து, 'என் அண்ணன் காபிக்கு முன்னால் சொன்னது அது' என்று மட்டும் சொல். நீ பெரிய படிப்புப் படித்தவள், அவர்களுக்குப் புரியும்படி சொல்லத் தெரியும். பள்ளிக்கூடம் திறக்கும்போதெல்லாம் தண்ணீர் லாரியின் முன் சீட்டில் உன்னை உட்காரவைத்து விடுதிக்குக் கூட்டிப்போனேனே, அதற்குக் கூலி கேட்பதாக நினைக்காதே. வேறு யாரிடம் கேட்பேன்?

நுவைர் அல்வா கொடுத்தனுப்பியிருக்கிறாள். சுஹைல் பாதியைத் தின்றிருப்பான், மீதியை நீ சாப்பிடு.

பகீத்


மஸ்கட்
ஜூன் 4

அன்பு அண்ணனுக்கு,

கூட்டம் முடிந்துவிட்டது. முடிந்து ஒரு வாரம் ஆகிறது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

கூட்டத்துக்கு முன்பே என் தலைவரிடம் தனியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பள்ளத்தை விட்டால் காற்றாடி வரிசை நடுவில் அறுந்துவிடும், எல்லாவற்றையும் புதிதாக வரைய வேண்டும் என்றார். "பணம் போடுறவங்க அதுவரைக்கும் காத்திருக்க மாட்டாங்கம்மா. வேற நாட்டுக்குப் போயிடுவாங்க. நீ அந்த வட்டாரத்துப் பொண்ணு. நீ எந்திரிச்சு நின்னா மொத்தமும் நின்னுபோகும். யோசிச்சுக்கோ" என்றார். நான் எல்லா இரவும் யோசித்தேன்.

கூட்டத்தில் வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் என் பக்கம் திரும்பி, "ஸுவைனா, ஹரீர் பத்தி ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன் அண்ணா, சத்தியமாக எழுந்து நின்றேன். என் வாயில் வந்தது, "எல்லாம் நல்லதுதான். குறை ஒண்ணுமில்ல."

அதற்கப்புறம்தான் காகிதக் கோப்பைகளில் காபி கொண்டுவந்தார்கள். எல்லோரும் குடித்தோம். குடித்த பிறகும் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ சொன்னது மரியாதைக்காக. நான் சொன்னது பயத்தில். இது இரண்டையும் ஒன்று என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன்.

என் பக்கத்தையும் கொஞ்சம் கேள். எண்ணெய்க்காரன் வந்தபோதும் நம்மை யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த எண்ணெயில்தான் உன் சம்பளம், என் படிப்பு, நுவைர் அண்ணியின் பிரசவ ஆஸ்பத்திரி எல்லாம் வந்தது. அதுவும் தீர்ந்துபோனால் இங்கே வருஷா வருஷம் படித்துவிட்டு நிற்கிற பிள்ளைகள் எங்கே போவார்கள்? எனக்கு அந்தப் பள்ளம் வேண்டும், இதுவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்கும் தைரியம்தான் இல்லை.

ஒட்டகங்களுக்கு வருஷம் முழுவதும் தீவனமும் தண்ணீரும் கொடுக்கச் சொல்லி விண்ணப்பித்திருக்கிறேன். வேலிக்குக் காவலர்கள் வேண்டுமாம். உன் பெயரைச் சொல்லட்டுமா? எழுதிய பிறகு படித்துப் பார்த்தால் கேட்கவே கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

என்னைத் திட்டி ஒரு கடிதம் போடு.

ஸுவைனா


மஸ்கட்
ஆகஸ்ட் 20

அண்ணா,

பதினொரு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சுஹைலிடம் கேட்டால், "அவர் குடுத்தா கொண்டுவர மாட்டனா?" என்று கேட்டுவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறான். போன வாரம் அவனை விடவே இல்லை. மீன் சந்தையில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் நிற்கவைத்துக் கேட்டேன். கடைசியில் சொன்னான்.

"பனி நல்லா எறங்கிச்சு, இந்த வருசம் மாதிரி நான் பாத்ததே இல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் மரமெல்லாம் சொட்டுது. இந்தப் பக்கம் ஒட்டகங்க கம்பிய நக்கிட்டு நிக்குதுங்க. உங்க அண்ணன் பாத்துப் பாத்துத் தாங்க முடியாம எல்லாத்தையும் லாரில ஏத்தி சினாவ் சந்தைல வித்துட்டாரு. அந்தக் கெழட்டு வெள்ள ஒட்டகம் மட்டும் லாரி ஏற மாட்டேன்னுடுச்சு. வேலி ஓரமாவே படுத்துது. அப்புறம் எந்திரிக்கல."

கம்ராவின் பாலைக் குடித்து வளர்ந்தவள் நான். அம்மா இறந்த வருஷம் அவள்தான் எனக்கு அம்மா. அவள் வேலி ஓரத்தில் படுத்திருந்தபோது நான் இங்கே ஏசி அறையில் அந்த வேலியின் அடுத்த பகுதிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தீவன விண்ணப்பம் இன்னும் யாரோ ஒருவருடைய மேசையில் கிடக்கிறது. தினமும் கேட்கிறேன். பார்க்கலாம் என்கிறார்கள்.

நான் அங்கே வருகிறேன். வாசலில் நிற்கவிடாதே, உள்ளே கூப்பிடு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. நுவைர் அண்ணி கரண்டியால் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். சுஹைலிடம் காபிக் கொட்டையும் ஏலக்காயும் கொடுத்தனுப்புகிறேன், உனக்குப் பிடித்த ஏமன் கொட்டைதான். காபியைப் போட்டு முன்னால் வைத்துக்கொண்டு எனக்கு எழுது. எந்தக் குறையானாலும் எழுது, அண்ணா.

உன்,
ஸுவைனா


ஹரீர்
செப்டம்பர் 1

மஸ்கட்டில் இருக்கும் பொறியாளர், முசல்லம் மகள் ஸுவைனா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அனுப்பிய பொட்டலத்தைப் பிரிக்காமல் சுஹைல் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

சேதி நல்லது. குறை ஒன்றும் இல்லை. சேதி நல்லது.

முசல்லம் மகன் பகீத்