கப்பல் நேரம், கரை நேரம்

ஜனவரி 9

காலையில் கடை திறந்ததும் ஒரு அம்மாள் வந்து மூக்குக்கண்ணாடியை மேஜை மேல் வைத்தாள். "இது என்னோடது இல்லீங்க. போட்டா தலை சுத்துது." சுற்றாமல் என்ன செய்யும். வேறு யாருடைய கண்ணாடியையோ என் வீட்டுக்காரர் அவளுக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். பெட்டி மாறிவிட்டது என்று சிரித்து மழுப்பினேன். இவர் உள்ளே லென்ஸ் தேய்க்கும் மெஷின் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மதியம் சாப்பிடும்போது கேட்டார். "நான்தானே மாத்திக் குடுத்தேன்?"

"ஆமாங்க."

ரசம் ஊற்றிக்கொண்டார். பிறகு, "கப்பல் டைவுக்கு ஆள் பார்க்க ஆரம்பிச்சிட்டியா?"

மறதி நோய் என்று டாக்டர் சொன்னது போன மாதம். ஆரம்பம்தான், எவ்வளவு வேகமாகப் போகும் என்று சொல்ல முடியாது என்றார். மார்ச் கப்பல் பயணம் அதற்கு முன்பே பதிவு செய்தது. சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் இறங்கும் இந்த டைவ் பற்றி டாக்டரிடம் கேட்டேன். நான் ஏதோ தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்தார்.

"ஒரே ஒரு டைவ்," என்கிறார் இவர். "அப்புறம் நீ எங்க உக்காரச் சொன்னாலும் உக்காந்துக்கறேன்."

ஜனவரி 12

எனக்கு நீச்சல் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் டைவுக்கு ஆள் பார்ப்பது நான்தான். இவருக்கு விட்டால் துறைமுகத்தில் முதலில் சிரிக்கிறவனோடு படகில் ஏறிவிடுவார். கப்பல்காரர்களே ஏற்பாடு செய்யும் டைவில் போனால், தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். ஆனால் ஒரு படகில் ஊரையே ஏற்றுவார்கள். இவருக்கு அது ஆகவே ஆகாது. வெளியே நாமாக ஆள் பிடித்தால் நல்ல இடத்துக்குக் கூட்டிப் போவார்கள், ஆனால் கப்பல் யாருக்காகவும் நிற்காது. அதனால் ஒவ்வொரு துறைமுகத்திலும் இருக்கும் டைவ் கடைகளுக்கு முன்கூட்டியே எழுதி, குடைந்து குடைந்து கேட்டு, அப்புறம்தான் முடிவு செய்வேன். இவர் எனக்கு வைத்த பெயர் மேனேஜர்.

நான் அவர்களைக் கேட்பது பாதி. அவர்கள் என்னை என்ன கேட்கிறார்கள் என்பது மீதி. நீங்கள் சொல்லும் மணி கப்பல் நேரமா, கரை நேரமா? (ஊருக்கு ஊர் மணி மாறும், கப்பல் கடிகாரம் மாறாது.) கடைசியாக எப்போது இறங்கினார்? மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா? இதையெல்லாம் கேட்கிறவன் நல்லவன். ஒன்றும் கேட்காமல் வாங்க வாங்க என்கிறவனிடம் செருப்பைக்கூட விட்டுவிட்டுப் போகக் கூடாது.

இத்தனை வருஷமும் இந்த ஒரு கணக்கு என்னைக் கைவிட்டதில்லை.

ஜனவரி 20

மூன்று துறைமுகம். முதல் துறைமுகத்தில் எல்லாருக்கும் எழுதியாகிவிட்டது. எதையும் மறைக்கவில்லை. நோய் இது, வயது இது, டைவில் இவ்வளவு அனுபவம்.

நல்லவர்கள் எல்லாரும் முடியாது என்று எழுதிவிட்டார்கள். மரியாதையாக, வருத்தத்தோடு. அனுபவம் உள்ளவர் என்பதால் இன்னும் பயம் என்கிறார் ஒருவர். கை தன் பாட்டுக்கு வேலை செய்யும், மனசு எங்கேயோ இருக்கும், தண்ணீருக்கு அடியில் அது போதும் என்கிறார்.

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். அடுத்த துறைமுகத்துக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஜனவரி 28

இரண்டாவது துறைமுகத்தில் ஒருவன் கிடைத்திருக்கிறான். போனில் பேசினேன். எதைச் சொன்னாலும் "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்" என்கிறான். மறதி நோய் என்றேன். "ஒண்ணுமில்ல மேடம், நான் மறக்காம இருந்தா போதாதா?" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

மூன்றாவது துறைமுகத்தில் ஒரு பெண் இன்ஸ்ட்ரக்டர். சிலிண்டர் மாட்டிக் கூட்டிப் போக மாட்டேன் என்று முகத்தில் அடித்த மாதிரி எழுதியிருக்கிறாள். கீழே ஒரு வரி: "வேண்டுமானால் இரண்டு பேரும் வாருங்கள், கண்ணுக்கு மாஸ்க் போட்டு, மேலே மிதந்தபடியே கீழே பார்க்கலாம், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன்." குழந்தைகளுக்குச் சொல்வது போல. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதில் போடவில்லை.

பிப்ரவரி 2

ஒண்ணுமில்லை ஆளிடம் பதிவு செய்துவிட்டேன்.

பிப்ரவரி 3

மகள் போனில் கத்தினாள். "அம்மா, அப்பாவுக்குத்தான் மறந்துபோச்சு, உனக்கு என்ன வந்துச்சு? நீ எத்தனை பேரை வேண்டாம்னு தள்ளியிருப்ப?"

அவள் சொல்வது சரி. சரி என்பதால்தான் நானும் கத்தினேன். உனக்கு என்னடி தெரியும், தினமும் ராத்திரி பையைப் பிரித்து அந்த மாஸ்க்கைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாரே அதைப் பார்த்தாயா நீ, என்று. தன் பவரில் தானே லென்ஸ் தேய்த்து, தானே ஒட்டிய மாஸ்க். மற்றவர்கள் பெட்டி எல்லாம் மாறுகிறது. இது மட்டும் மாறவில்லை.

பிறகு இரண்டு பேரும் அழுதோம். பிறகு அவள், "காலுக்கு நல்ல செருப்பு எடுத்துட்டுப் போம்மா" என்றாள்.

மார்ச் 6

கப்பலில். அறை சின்னது, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். இவர் குளியலறைக் கதவு என்று நினைத்து வெளிக்கதவைத் திறந்துகொண்டு நடையில் நின்றார், உள்பனியனோடு. எதிர் அறைக்காரி சிரிக்காமல் வணக்கம் சொன்னாள். நல்ல பெண்.

மார்ச் 8

முதல் துறைமுகம். எல்லாரும் இறங்கினார்கள். நாங்கள் இறங்கவில்லை. கப்பல் மேல்தளத்தில் நின்று, டைவுக்குப் போகிறவர்கள் பைகளோடு படகில் ஏறுவதைப் பார்த்தோம்.

எப்போதும் நான் இந்த மேல்தளத்தில்தான் நிற்பேன். இவர் கீழே படகில் இருப்பார். படகு கிளம்பும்போது நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவேன். அவ்வளவுதான், அங்கிருந்தே திட்டு விழும். டைவ் பாஷையில் கட்டைவிரல் என்றால் 'நல்லா இருக்கு' இல்லையாம். 'போதும், மேலே போகலாம்' என்று அர்த்தமாம். ஒருவர் காட்டிவிட்டால் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது, கூட இருப்பவரும் மேலே வந்தே ஆக வேண்டும். 'நல்லா இருக்கு' என்பதற்கு விரல்களை வளைத்து வட்டம் காட்ட வேண்டும். எனக்குத் தெரியாதா என்ன. இருந்தாலும் கட்டைவிரலைத்தான் காட்டுவேன். "கீழ போறவனைப் பாத்து மேல வான்னு சொல்றவ உலகத்துலயே நீ ஒருத்திதான்டி" என்று படகே திரும்பிப் பார்க்கக் கத்துவார்.

இன்று பக்கத்தில் நின்று, "நாம ஏன் போகல?" என்றார்.

"நாளன்னைக்குங்க."

"நாளன்னைக்கா. சரி."

மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

மார்ச் 10

எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுதாவிட்டால் வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்வேன். எனக்கு என்னைத் தெரியும்.

இவர் எப்போதும் இரண்டு கைக்கடிகாரம் கட்டுவார். இடது கையில் கப்பல் நேரம், வலது கையில் கரை நேரம். ஆள் பார்ப்பது என் பொறுப்பு, நேரம் இவர் பொறுப்பு. இந்தத் துறைமுகத்தில் கரை நேரம் ஒரு மணி முன்னால் ஓடும், கப்பலில் ஏழு என்றால் கரையில் எட்டு. படகு கிளம்புவது கரை நேரத்துக்கு. நேற்றே சொல்லியிருந்தேன், இவரும் உட்கார்ந்து இரண்டையும் சரிசெய்தார். நான் தலையிடவில்லை. அதையும் பிடுங்கிக்கொண்டால் அவருக்கு என்ன மிச்சம்?

காலையில் காபி குடிக்கும்போது கடிகாரங்கள் கை மாறியிருந்தன. வலது மணிக்கட்டில் தோல் பட்டை, இடதில் ரப்பர் பட்டை. எப்போதும் அப்படி இல்லை. "நேரம் இருக்கு, நிதானமா சாப்பிடு" என்றார், வலது கையைப் பார்த்து. அதில் ஓடிக்கொண்டிருந்தது கப்பல் நேரம்.

நான் பார்த்தேனா? பார்த்தேன். பார்க்கவில்லை என்று இங்கே எழுதி யாரை ஏமாற்ற? பார்த்துவிட்டு இன்னொரு காபி வாங்கி வந்தேன்.

படகுத்துறைக்குப் போனபோது படகு இல்லை. பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர், "அவங்க போய் ரொம்ப நேரமாச்சே" என்றார். இவர் டைவ் உடையைப் போட்டுக்கொண்டே வந்திருந்தார். அந்த வெயிலில் கறுப்பு ரப்பர் உடையில், கையில் மாஸ்க்கோடு, இரண்டு கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என் தப்பா?" என்றார்.

"இல்லீங்க. அவன் சீக்கிரம் போயிட்டான். மோசமான ஆளு."

எனக்கு வந்தது நிம்மதி. அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதியோடு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒண்ணுமில்லை ஆளுக்கு நான் போன் செய்து கேட்கக்கூட இல்லை. அவனும் எங்களைத் தேடவில்லை.

திரும்பும் வழியில் உடைக்குள் வியர்த்துக் கொட்டியது அவருக்கு. அறையில் உரித்து எடுக்க நான்தான் உதவினேன்.  பாவி நான்.

மார்ச் 11

கடலில். மூன்றாவது துறைமுகத்துப் பெண்ணுக்கு எழுதினேன், இடம் இருக்கிறதா என்று. கப்பல் நேரம் கரை நேரம் இரண்டையும் நானே போட்டேன்.

உடனே பதில். வாருங்கள் என்றாள். கூடவே ஒரு கேள்வி. "அவர் எப்போது பயந்துபோவார்? பயந்தால் என்ன சொன்னால் அமைதியாவார்?"

இதை டாக்டர் கேட்கவில்லை. நான்கூட என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ரொம்ப நேரம் யோசித்து எழுதினேன். புதிய கதவுகளைக் கண்டால் பயம். வேகமாகப் பேசினால் பயம். கண் பரிசோதனையில் அவர் எல்லாரிடமும் சொல்வாரே, "அவசரமே இல்ல, தெரியற வரைக்கும் படிங்க" என்று, அதை அவரிடமே சொன்னால் அமைதியாகிவிடுவார்.

இவளுக்கா நான் பதில் போடாமல் இருந்தேன்.

மார்ச் 12

காலை. இரண்டு கடிகாரத்தையும் நானே சரிசெய்து, நானே கட்டிவிட்டேன். கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எதிர்ப்பே இல்லாமல்.

மார்ச் 12, மாலை

சின்ன விரிகுடா. அலை இல்லை. அந்தப் பெண் வெயிலில் காய்ந்த தலைமுடியும், பொறுமையுமாக இருந்தாள். என்னையும் தண்ணீரில் இறங்கச் சொன்னாள். எனக்கா, இந்த வயதிலா என்றேன். "லைஃப் ஜாக்கெட் போட்டா நீங்களே நினைச்சாலும் முழுக முடியாதும்மா" என்றாள்.

இவர் என் மாஸ்க்கை வாங்கி, உள்ளே நன்றாகத் துப்பி, விரலால் தேய்த்து, கடல்நீரில் அலசிக் கொடுத்தார். ஆவி படியாமல் இருக்க டைவ்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்வார்களாம். இத்தனை வருஷக் குடித்தனத்தில் எனக்குக் கிடைத்த மரியாதை. பட்டையை என் காதுக்கு மேல் சரியாக இழுத்துவிட்டார். "இறுக்குதா?" என்றார். அந்தக் கைகள் எதையும் மறக்கவில்லை.

அவள் இவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கை என்னிடம். "அவசரமே இல்ல சார், தெரியற வரைக்கும் பாருங்க" என்றாள். இவர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தோம்.

இதைத்தானா இவ்வளவு வருஷமாக எனக்குச் சொல்ல முடியாமல் சொல்லிக்கொண்டிருந்தார்? கீழே வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. மஞ்சள் மீன்கள் எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. நான் மேல்தளத்தில் நின்று வீணாக்கிய காலைகளை எல்லாம் நினைத்தேன், அழுகை வந்தது. மாஸ்க்குக்குள் அழுதால் மூக்கில் தண்ணீர் நிற்கிறது, அதையும் தெரிந்துகொண்டேன்.

வட்டம் காட்டினேன். அவரும் ஒரு நொடி என் கையை விட்டு வட்டம் காட்டினார். சரியாகக் காட்டிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

கடலடித் தரை சரிந்து ஆழ்ந்த நீலமாக ஆகும் இடம் வந்தது. அவர் ரொம்ப நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டு மிதந்தார். கை என் கையை இறுக்கியது. நழுவிக் கீழே போய்விடுவாரோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு அவள் பிடியிலிருந்து கையை விடுவித்து, என் முகத்துக்கு நேராகக் கட்டைவிரலை உயர்த்தினார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானும் கட்டைவிரலைக் காட்டினேன். அந்தப் பெண் ஏற்கெனவே படகின் பக்கம் திரும்பிவிட்டாள். அப்போதுதான் உறைத்தது. நல்லா இருக்கு என்று சொல்லவில்லை அவர். என்னை இத்தனை வருஷம் திட்டியவர், அதை வேறு எந்த அர்த்தத்தில் காட்டுவார்? போதும் என்கிறார். ஏன் என்று கேட்கக் கூடாது. நான் கேட்கவில்லை.

படகில் ஏறியதும் மாஸ்க்கைக் கழற்றி அந்தப் பெண்ணிடம் நீட்டினார். "வெச்சுக்கோங்க. இந்த பவர் யாருக்காவது சேரும்." அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். துண்டால் சுற்றி வாங்கிக்கொண்டாள்.

இராத்திரிச் சாப்பாட்டில், தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டார். "நாளைக்கு டைவ் எங்க, மேனேஜர்?"

"நாளைக்குக் கடல்லயே போறோங்க. துறைமுகம் இல்ல."

"சரி."

மே 17

கடையை விற்றாகிவிட்டது. வாங்கியவர் கண் பரிசோதனை அட்டையைச் சுவரிலிருந்து கழற்றிக் குப்பையில் போட்டார். எடுத்து வந்துவிட்டேன். எதற்கு என்று தெரியாது.

ஜூலை 30

பயண ஏஜென்ட் போன் செய்தாள், அடுத்த வருஷக் கப்பலுக்கு. "சாருக்கு டைவ் இடம் எல்லாம் நீங்கதானே பார்ப்பீங்க?" இல்லைம்மா என்றேன். அவள் மேலே கேட்கவில்லை.

செப்டம்பர் 4

இப்போதும் ஆள் பார்க்கிறேன். பகல் முழுக்க இவரைப் பார்த்துக்கொள்ளும் இல்லங்கள். ஒன்றில் போன உடனேயே "ஒண்ணும் பிரச்சினையில்ல, விட்டுட்டுப் போங்க" என்றார்கள். அப்படியே திரும்பி வந்துவிட்டேன். மகள் ஆச்சரியப்பட்டாள், "அதுதான்மா வீட்டுக்குப் பக்கம்." பக்கமாக இருந்தால் ஆயிற்றா?

இன்னொன்றில் ஒரு நர்ஸ் எதிர்க் கேள்வி கேட்டாள். எதற்குப் பயப்படுவார் என்று.

அங்கேதான் சேர்க்கப் போகிறேன்.

அக்டோபர் 21

முதல் நாள். காலையில் இரண்டு கடிகாரத்தையும் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். இரண்டிலும் ஒரே நேரம் வைத்திருக்கிறேன்.

இல்லத்தின் வேன் வாசலில் வந்து நின்றது. நர்ஸ் அவசரப்படுத்தவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, பெல்ட் போட்டாள். இவர் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், எங்கேயோ பார்த்த முகம் என்பது போல.

வேன் கிளம்பியது. பழக்க தோஷம், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டேன்.

வேன் தெருமுனையில் திரும்பும் வரை என்னைப் பார்த்துக்கொண்டே போனார். திட்டவில்லை.