என் சைக்கிளில் லுக்மான்

ஜெபல் அலி கேம்ப், துபாய்
11.2.1978

அன்பு ஷம்சியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் எல்லோர் நலத்துக்கும் துஆச் செய்கிறேன். மாமியின் மூட்டுவலி தேவலையா?

கடிதமும் போட்டோவும் கிடைத்தன. புயலுக்குப் பிறகு ரயில் ஓடாத அந்தப் பாதையில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிவரை சைக்கிளில் போகலாம் என்று கூட்டாளிகளிடம் முதலில் சொன்னவன் நான். நான் இங்கே இருக்க, அவர்கள் என்னை விட்டுப் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அவர்களில் லுக்மான் ஏறியது என் சைக்கிளில். "மச்சான் இருந்தா அவங்களே குடுத்திருப்பாங்க" என்று நீயே எடுத்துக் கொடுத்தாயாம். இடியாப்பம் வேறு கட்டிக் கொடுத்தாயாம்.

நேற்று வெள்ளிக்கிழமை, லீவு. சமையல்காரரின் சைக்கிளை வாங்கிக் கடற்கரைப் பக்கம் மிதித்தேன். சக்கரம் மணலில் புதைந்து விழுந்துவிட்டேன். வெறும் சிராய்ப்புத்தான், பயப்படாதே. தூக்கிவிட்ட பட்டாணியர் ஒருவர், "கூட யாரும் வரலியா, பாய்?" என்று இந்தியில் கேட்டார். நான் மணலைத் தட்டிவிட்டுச் சைக்கிளை நிமிர்த்தினேன்.

லுக்மான் குட்டை, சீட்டை இறக்கியிருப்பான். அதை என் உயரத்துக்கு ஏற்றச் சொல். பிறகு சைக்கிளைப் பூட்டி, சாவியை இங்கே வரும் ஈசா காக்காவிடம் கொடுத்துவிடு. இங்கே அதற்கு வேலையில்லைதான். என் சட்டைப்பையில் கிடக்கட்டும்.

டூட்டி லாரி வந்துவிட்டது.

உன் மச்சான்,
சீனி காதர்