இடைவேளைக்குப் பிறகு நின்றுபோன கதை

திருச்சி ஜங்ஷனில் ரயில் கிளம்பக் காத்திருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் தலைவலித் தைலத்தை எடுத்து நெற்றியில் தேய்த்துக்கொண்டாள். கதை நகராத ஞாயிற்றுக்கிழமைகளில் உன் நெற்றியும் இப்படித்தான் மணக்கும். மத்தியானம் சென்னையில் அந்த சினிமா இயக்குநரிடம் நம் கதையைச் சொல்ல வேண்டும், முதல்முறையாக நீ இல்லாமல். சும்மா இருக்க முடியவில்லை, உனக்கு எழுதுகிறேன்.

ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜை நமக்கு. ஞாயிறானால் உறையூரிலிருந்து பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். எழுதுவது நான். யாரிடமாவது சொல்ல வேண்டுமென்றால் நீ. அந்த இயக்குநரிடம் முதல் பாதியை நீ சொன்னபோது நான் பக்கத்தில் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தேன். உன் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. "இரண்டாம் பாதியை முடிச்சுட்டு வாங்க" என்று அவர் சொன்னார். அந்த இரண்டாம் பாதிதான் நம்மைப் படுத்தியது.

நம் கதையின் நாயகி முசிறிக்காரி கல்யாணி. அவள் கணவன் காவிரி வெள்ளத்தில் போய்விட்டான் என்று ஊரே நம்புகிறது. தம்பி கல்யாணத்துக்குக் காய்கறி வாங்க காந்தி மார்க்கெட்டுக்கு வருகிறவள், அங்கே மூட்டை தூக்கிக்கொண்டு போகும் அவனைப் பார்க்கிறாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. இடைவேளை. அதற்குப் பிறகு? கூப்பிட்டால் கதை அங்கேயே முடிகிறது. துரத்தினால் வெறும் ஓட்டம். பேசாமல் திரும்பினால் ஏன் என்று யாருக்கும் புரியாது.

"அவ நின்ன எடத்துல போய் நின்னு பாப்போம், வாடி" என்று என்னை வெங்காய மண்டிக்கு இழுத்துப் போனாயே. மூட்டையோடு வந்த ஒருவர், "ஓரமா போங்கம்மா, ஓரமா!" என்று கத்தினார். நான் பயந்து ஒதுங்கினேன். நீ சிரித்தாய்.

"பாத்தியா? இங்க அவளால நின்னு அழக்கூட முடியாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில், "கதை நின்னுட்டா சீன்ல இருக்கறவங்களையே பாத்துட்டு இருக்கக் கூடாதுடி. சீன்ல இல்லாதவங்க இப்ப என்ன பண்றாங்க? அதைப் பாரு" என்றாய். அடுத்த வாரம் அதை எழுதிப் பார்ப்பதாக இருந்தோம். அதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

அப்புறம் மாதக்கணக்கில் ஒரு காட்சிகூட எழுதவில்லை. நீ சொன்ன கேள்வியைக் கேட்கவே பயம். சீனில் யார் இல்லை என்று நினைத்தாலே நீதான் முன்னால் வந்தாய். உன் வீட்டுப் பக்கமும் நான் போகவில்லை, மாலை போட்ட உன் படத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று. இயக்குநரிடமிருந்து போன் வந்தது. "மேடம், இந்த மாசத்துக்குள்ள முடியலைன்னா நான் வேற கதைக்குப் போயிடுவேன்." அன்றிலிருந்து போன் அடித்தாலே எடுக்கத் தயங்கினேன்.

போன ஞாயிறு துணிந்து உன் வீட்டுக்குப் போனேன். உன் கணவர் வாடிய மாலையைக் கழற்றிவிட்டு, புது மாலையை எடுக்க உள்ளே போனார். அந்தச் சில நொடிகள் வெறும் படமாக இருந்தாய். அலுவலகத்தில் தலை நிமிர்ந்து என்னைப் பார்ப்பாயே, அதே பார்வை. சட்டென்று, சீனில் இல்லாத கல்யாணியின் மாமியார் ஞாபகம் வந்தது. கல்யாணி மார்க்கெட்டில் நிற்கிற நேரத்தில் அவள் முசிறி வீட்டில் மகன் படத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். கல்யாணி வீட்டுக்குள் நுழைகிறாள். "பூ வாங்கிட்டு வந்தியா?" என்று கேட்கிறாள் மாமியார். கல்யாணி பதில் சொல்லாமல் படத்தில் கிடக்கும் மாலையைக் கழற்றுகிறாள். புதுசு போடவில்லை. "ஏன்டி கழட்டுற?" இனி அந்த வீட்டில் அவள் எதையும் மறைக்க முடியாது. மீதிக் கதை தானாக ஓடியது.

ரயில் நகர்கிறது. நோட்டை மூடி வைக்கிறேன்.

*

சொல்லிவிட்டேன். ஆரம்பத்தில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். மாலையைக் கழற்றும் இடம் வந்ததும் அவர் பேனாவை வைத்துவிட்டார். "இதைத்தான் எடுக்கப் போறோம்" என்றார். படத்தின் டைட்டிலில் கதை என்ற இடத்தில் நம் இரண்டு பேர் பெயரும் வர வேண்டும் என்று கேட்டேன். "அதுல என்ன சந்தேகம்?" என்றார்.

வெளியே வந்து உன் கணவருக்குப் போன் செய்தேன். உன்னை மாதிரி தைரியமாகச் சொல்ல எனக்கு வரவில்லை என்றேன்.

"யாருக்குங்க தைரியம்? கதை சொல்லப் போன அன்னிக்கு அவ காலையில ஒரு வாய் சாப்பிடல. ரெண்டு தடவை வாந்தி எடுத்தா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. 'அவ என்னை நம்பித்தாங்க வரா'ன்னா."

இயக்குநர் அடுத்த வாரம் தயாரிப்பாளரைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார். எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது. இந்தப் பயத்தோடு நீயும் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய்.