பிரியந்தன் கொண்டுவந்த தூள்

வெள்ளவத்தை,
ஞாயிறு

அன்பின் அருந்ததிக்கு,

நீரும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுக் கரண்ட் பிடித்து முடிந்து ஆறு கிழமை. புண் ஆறிவிட்டது. வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டேன்.

சின்ன விஷயம் ஒன்று, யோசிக்க வேண்டாம். இங்கே எனக்குச் சமைத்துத் தரும் மலர் அக்கா கறிக்கு உப்பும் உறைப்பும் போடுவதில்லை என்று எனக்குச் சந்தேகம். அதனால்தான் நீர் வறுத்து இடித்த மிளகாய்த்தூளைக் கேட்டேன். ஊரில் எங்கள் ஒழுங்கைப் பிரியந்தன் பஸ்ஸில் கொண்டுவந்து தந்தான். அதைப் போட்டு வைத்த மீன்குழம்பும் வெந்நீர் மாதிரித்தான் இருந்தது. உமது தூளை அவன் வைத்துக்கொண்டு கடைத்தூளை என்னிடம் தந்துவிட்டான் என்று முடிவெடுத்தேன். நேற்றுக் காலை அவனிடம் நேரே கேட்டும்விட்டேன்.

அவன் கோபிக்கவில்லை. சட்டியில் இருந்த குழம்பை ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டான். கண் கலங்கி, மூக்கு வடிந்தது.

"அண்ணை, இது அருந்ததி அக்கான்ர தூள்தான். உங்களுக்கு உறைக்கேல்லையோ?"

"ஓம், உறைக்குது" என்றேன்.

ருசி திரும்ப மாதக்கணக்காகும் என்று டொக்டர் அப்போதே சொன்னவர். நான்தான் அவரையும் நம்பவில்லை.

இனித் தூள் வேண்டாம். கொலர் இல்லாத பருத்திச் சேர்ட் ஒன்று அனுப்பும், கழுத்தில் உரசுகிறது. பிரியந்தன் பஸ்ஸுக்கு அவசரப்படுகிறான். கடிதத்தை அவனிடம்தான் கொடுக்கிறேன், உறை பிரிபடாமல் வந்ததா என்று பாரும்.

நேற்றிரவு ஃபோனில் குழம்பு எப்படி என்று கேட்டீர். அருமை என்றேன். நீர் உடனே, டொக்டரிடம் திரும்ப எப்போது போவது என்று கேட்டீர். பிரியந்தன் முதலே சொல்லிவிட்டானா?

உமது,
கருணாகரன்